இயந்திரத்தின் ஏட்டில் நமது பேர்

(இறக்குவானையில் கூடிய தமிழ் மக்கள் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



சிந்திக்கும் இயந்திரங்களும் மனித சமுதாயமும் என்ற பொருள்பற்றி உரையாற்றும்படி இக்கூட்டத்தைக் கூட்டிய நண்பர்கள் நம்மைப் பணித்தனர். மண்டபத்து வாசலில் ஒரு பெரியவர் நம்மை நிறுத்தி, "எங்கள் லயத்துக் கூரையைப் பற்றிப் பேசுவீர்கள் என்றல்லவா வந்தோம். கொழும்பிலே பேசவேண்டியதை இங்கே வந்து பேசி என்ன ஆகப்போகிறது ஐயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் மேலே செல்வது முறையன்று. பெரியவரே, அந்த இயந்திரம் கொழும்பில் நின்றுவிடவில்லை. நமக்கு முன்பாகவே இறக்குவானைக்கு வந்து சேர்ந்துவிட்டது. எந்த லயத்துக்குக் கூரை கிடைக்கும், எந்த லயத்துக்குக் கிடைக்காது என்று எழுதப்படும் பட்டியலில் நாளைக்கு அதன் கையும் இருக்கும். ஆகையால் உங்கள் கூரையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் இம்மாவட்டத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நம்மிடம் வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். கணவர் காலமாகிவிட்டார். கணவருக்குச் சேரவேண்டியிருந்த பணத்தைப் பெறுவதற்கு ஓர் அலுவலகத்தின் படியை ஐந்து தடவை ஏறி இறங்கியிருக்கிறார். ஐந்து தடவையும் அவருக்குக் கிடைத்த பதில் ஒன்றே: "கம்பியூட்டர் எடுக்கவில்லை." ஏன் எடுக்கவில்லை என்று சொல்ல அங்கே எவரும் இல்லை. அவர் பையிலிருந்த கடதாசிகளை நாம் வாங்கிப் பார்த்தோம். பிறப்புப் பதிவில் கணவருக்கு ஒரு பெயர். அடையாள அட்டையில் அதே பெயர் சிங்கள எழுத்துக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பி வந்ததில் ஓர் எழுத்தை இழந்திருந்தது. தோட்டத்துச் செக்ரோலிலோ, கணக்குப்பிள்ளை தம் காதில் விழுந்தபடி எழுதிவைத்த மூன்றாவது வடிவம். பழைய காலத்துக் கிளாக்கராக இருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது, "ஒரு சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வா" என்றிருப்பார். இயந்திரம் மூன்று எழுத்துக் கோவைகளைக் கண்டது. மூன்று மனிதர் என்று முடிவு கட்டியது. "எம் புருசன் மூணு ஆளாம் ஐயா" என்று அந்தத் தாய் சொல்லிச் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கடதாசியில் றக்வான என்றிருக்கும், இன்னொன்றில் றக்வானை, நம் பாட்டன்மார் கடிதத் தலைப்பில் எழுதியது இறக்குவானை. மூன்றும் ஒரே கடைத்தெருதான் என்பது பஸ் கொண்டக்டருக்குத் தெரியும். எவரும் சொல்லிக் கொடுக்காவிட்டால் இயந்திரத்துக்குத் தெரியாது.

இனி, சிந்திக்கும் இயந்திரம் என்று நாம் சொல்வது யாது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1950ஆம் ஆண்டில் அலன் டியூரிங் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியோடு ஒரு கட்டுரை எழுதினார். 1956இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் சில அறிஞர்கள் கூடி, செயற்கை நுண்ணறிவு என்ற பெயரால் இம்முயற்சியைத் தொடங்கிவைத்தனர். 2022 நவம்பரில் சட்ஜிபிடி என்னும் உரையாடும் இயந்திரம் பொதுமக்கள் கைக்கு வந்தபின் உலகம் முழுவதும் இதே பேச்சாயிற்று. இது மந்திரமன்று. மனிதர் எழுதிக் குவித்தவற்றை மலைபோல் அதற்குள் கொட்டி, எந்தச் சொல்லுக்குப்பின் எந்தச் சொல் வரும், எந்த விவரத்தோடு எந்த முடிவு சேரும் என்று பழக்கியெடுக்கிறார்கள். பழையவற்றைப் பார்த்துப் புதியதைச் சொல்லும் ஒரு திறமை அது. பழையவற்றில் நேர்மை இருந்தால் விடையிலும் நேர்மை இருக்கும். பழையவற்றில் நாம் இல்லாவிட்டால் விடையிலும் நாம் இருக்கமாட்டோம்.

அண்மையில் ஒரு தோட்டத்து இளைஞர் தம் கைத்தொலைபேசியில் இத்தகைய இயந்திரமொன்றிடம், அரைப்பேர் என்றால் என்ன என்று கேட்டாராம். மனிதரின் பெயரைப் பாதியாகச் சுருக்கி அழைப்பது என்று அது விளக்கம் தந்ததாம்! இந்த மண்டபத்தில் உள்ள பத்து வயதுப் பிள்ளைக்கும் அரைப்பேர் என்றால் என்னவென்று தெரியும். நாள் முழுதும் மலையில் நின்று, சொன்ன கிலோ நிறையாததால் அரைநாட் சம்பளத்தோடு திரும்புவதற்குப் பெயர் அரைப்பேர். நமது வாழ்வை எழுதிவைத்தவர் குறைவு. எழுதியதையும் அச்சேற்றியவர் குறைவு. அதனால் இயந்திரத்தின் அறிவில் நமது துன்பத்துக்கே சொல் இல்லை.

வேலையை இயந்திரம் பறித்துவிடுமே என்ற அச்சம் பலருக்கு உண்டு. அதை நாம் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் அவ்வச்சம் தேயிலைக்குப் புதியதன்று. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை செய்யத் தொடங்கிய காலத்தில் கொழுந்தைக் கையாலேயே மேசைமீது உருட்டினர். பிறகு உருட்டும் இயந்திரம் வந்தது. தூளிலிருந்து காம்பு பொறுக்கும் வேலையைப் பெண்கள் குனிந்திருந்து கண்ணாலும் கையாலும் செய்துவந்தனர். பிறகு கலர் சோட்டர் வந்தது. ஒளிக்கண்ணால் நிறம் பார்த்துக் காம்பை ஊதித் தள்ளும் அந்த இயந்திரமும் பார்த்து முடிவெடுக்கும் இயந்திரந்தான். நாம் அதற்குப் பெரிய பெயர் வைக்கவில்லை, அவ்வளவே. இப்பொழுது கொழுந்து வெட்டும் இயந்திரங்களும் மலைக்கு வருகின்றன. முதுகு ஒடியும் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொள்வதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. கூடையின் பாரத்தை நெற்றியில் சுமப்பது எந்தப் பெண்ணுக்கும் பிறப்புரிமையன்று. இயந்திரத்தால் மிச்சமாகும் பணத்தில் அந்தப் பெண்ணுக்குப் பங்கு உண்டா என்பதே வழக்கு. அந்த வழக்கை நடத்தத் தொழிற்சங்கம் என்றொரு கருவி நம் கையில் இருக்கிறது. துருப்பிடித்துக் கிடந்தாலும் இருக்கிறது.

தராசைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்கூலியை ஆயிரம் ரூபாயாக்கியபோது, பல தோட்டங்களில் நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கிலோவின் அளவும் கூடவே ஏறியது என்ற முறைப்பாடு எழுந்தது. தராசு இலத்திரன் தராசாகி, அதன் கணக்கு நேரே கணினிக்குப் போகும்போது, இலக்கத்தைப் பறித்தவளும் பார்க்க முடியுமா? தண்ணீருக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிந்தது என்று அவளுக்குச் சொல்லப்படுமா? கங்காணியின் தராசில் முள் நின்ற இடத்தையாவது எட்டிப் பார்க்கலாம். எட்டிப் பார்க்க முள்ளே இல்லாத தராசை நாம் கேள்வி கேட்கப் பழகவேண்டும்.

ஆயினும் மலைக்கு வரும் இயந்திரத்தைவிட அலுவலகத்துக்கு வரும் இயந்திரமே நமது கவலை. கை செய்த வேலையை எடுத்துக்கொண்ட இயந்திரங்கள் முன்னையவை. பின்னையது பேனா செய்த வேலையை எடுத்துக்கொள்கிறது. யார் உரிமையுடையவர், யார் உரிமையற்றவர் என்று எழுதும் பேனாவை. அந்தப் பேனா நம்மை என்ன செய்தது என்பது இந்தச் சப்பிரகமுவ மண்ணிலேயே எழுதப்பட்ட சரித்திரம். அதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

டியூரிங் இயந்திரத்தைப் பற்றிக் கேள்வி கேட்ட அதே ஆண்டுகளில், இந்நாட்டுப் பாராளுமன்றம் நம்மவரைப் பார்த்து வேறொரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் கேட்ட கேள்வி அது: உன் தந்தை இந்நாட்டில் பிறந்தவரா? அல்லது, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டில் பிறந்தவர்களா? எங்கே பத்திரம்? அச்சட்டத்தில் 'இந்தியத் தமிழர்' என்ற சொல் இல்லை. 'தோட்டம்' என்ற சொல்லும் இல்லை. எல்லாரிடமும் ஒரே கேள்வி. பின்னர் 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசையல்லாதவருக்கு வாக்கில்லை என்றது. அதிலும் எந்த இனத்தின் பெயரும் இல்லை.

கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லத் தொகுதியில் கோடகன்பிள்ளை என்ற ஒருவர், வாக்காளர் இடாப்பில் தம் பேரைச் சேர்க்கவேண்டுமென்று கோரினார். பதிவு உத்தியோகத்தர் மறுத்தார். இடாப்பைத் திருத்தும் உத்தியோகத்தராக இருந்த சிவஞானசுந்தரம் விசாரித்து, பிற சமூகத்தவருக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்துக்கு விதிக்கலாகாது என்னும் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை இச்சட்டங்கள் மீறுகின்றன, ஆகவே செல்லா என்று தீர்ப்பளித்தார். உயர்ந்த பதவி எதுவும் வகியாத ஓர் உத்தியோகத்தர், தம் முன் இருந்த மனிதரையும் சட்டத்தையும் ஒருங்கே பார்த்தார் என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். 1951இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் அதையே உறுதிப்படுத்தியது. சட்டத்தின் சொற்களில் பேதம் இல்லை; தன் பிரசைகள் யாரென்று வரையறுப்பது ஒரு சட்டசபையின் இயல்பான அதிகாரம் என்பது அத்தீர்ப்புகளின் சாரம்.

சட்டம் படித்த நாம் அத்தீர்ப்பைப் பலமுறை வாசித்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒன்று உறுத்தும். கேள்வி எல்லாருக்கும் ஒன்று என்பது மெய். ஆனால் கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக இருப்பவனை எவரும் பத்திரம் கேட்டு வாசலில் நிறுத்துவதில்லை. தோட்டத்தில் பிறந்தவன் மட்டும் பாட்டனின் பிறப்பைக் கடதாசியில் காட்டவேண்டும். லயத்து அறையில் பிறந்த பாட்டனுக்குக் கடதாசி ஏது? 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ ஓர் இலட்சத்து முப்பத்து நான்காயிரம் பேருக்கே பிரசாவுரிமை கிட்டியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரி அவர்களும் ஒப்பமிட்டபோது ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மனிதர் கணக்கில் எஞ்சி நின்றனர். ஐந்தே கால் இலட்சம் அங்கே, மூன்று இலட்சம் இங்கே, மீதி பிறகு என்று பங்கிட்டனர். எஞ்சிய நாடற்றோர் எல்லாருக்கும் பிரசாவுரிமை வழங்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! இயந்திரம் எதுவுமின்றி, வெறும் கடதாசியும் ஒரு கேள்வியும் செய்த வேலை இது.

இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்பீர்கள். இன்றைய இயந்திரம் வேலை செய்யும் முறை இதுவேயாதலால் சொன்னோம். அதற்கு எந்தச் சாதியும் தெரியாது, எந்த இனமும் தெரியாது என்று அதை விற்பவர்கள் சத்தியம் செய்வார்கள். அவர்கள் பொய் சொல்லவும் வேண்டியதில்லை. எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிந்தெடுத்தாலே போதும். சமமற்றவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டு, விடைக்குப் புள்ளி போட்டு, புள்ளியின்படி வரிசைப்படுத்தினால், எவர் பேரையும் சொல்லாமலே ஒரு சமூகத்தை வரிசையின் கடைசியில் நிறுத்திவிடலாம். 1948இல் அதைச் செய்யச் சட்டமும் விசாரணையும் ஆண்டுக்கணக்கான காலமும் தேவைப்பட்டன. விசாரணையிலே ஒரு சிவஞானசுந்தரம் எதிர்ப்படவும் இடமிருந்தது. இயந்திரத்துக்கு ஓர் இரவு போதும். அதனுள்ளே எவரும் எதிர்ப்படுவதில்லை.

நமது நாட்டில் 2023இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். வறியவர் யாரென்பதை ஆறு துறைகளில் இருபத்திரண்டு குறிகாட்டிகளைக்கொண்டு கணக்கிட்டனர். அது சிந்திக்கும் இயந்திரமன்று. புள்ளி போடும் சூத்திரமே. கட்சிக்காரர் பட்டியலைவிடச் சூத்திரம் மேல் என்று வாதாடுவோரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பழைய முறையில் யார் யார் வீட்டுக்கு உதவி போயிற்று என்பது எல்லாருக்கும் தெரியும். ஆயினும் முதற்பட்டியல் வந்தவுடன் நாடெங்குமிருந்து ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. வறுமையை இலக்கத்தால் அளப்பது அத்துணை எளிதன்று. வீட்டின் நிலை என்று கேட்டால் லயத்து அறைக்கு என்ன விடை? அது குடியிருப்பவரின் சொத்துமன்று, வாடகை வீடுமன்று. ஓர் அறையில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் திரைச்சீலையால் பிரிந்து வாழ்ந்தால் அது ஒரு குடும்பமா, இரண்டா? கேள்வியை எழுதியவர் ஒரு நாள் லயத்தில் தங்கியிருந்தால் வேறு விதமாக எழுதியிருப்பார்.

இயந்திரம் பிழை செய்யாது என்ற நம்பிக்கை என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்லவேண்டும். நம்மை ஆண்டவர்களின் நாடு. நமது சட்டப் புத்தகங்கள் பிறந்த நாடு. அங்கே சிறு தபாற்கந்தோர்களை நடத்துவோரின் கணக்குகளை 1999 முதல் ஹொரைசன் என்னும் கணினி முறைக்குள் கொண்டுவந்தனர். கணினி பணம் குறைகிறது என்றது. தபாற்காரர்கள் நாம் எடுக்கவில்லை என்றனர். நீதிமன்றங்கள் கணினியை நம்பின. 2015 வரையில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்குக் குற்றங்களில் தண்டிக்கப்பட்டனர். இந்திய வம்சாவளியினரும் அவர்களுள் பலர். சிறை சென்றார்கள், வீடு விற்றார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பிழை கணினியில் என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் கண்டது. கடைசியில் 2024இல் பாராளுமன்றம் ஒரு சட்டத்தாலேயே அத்தண்டனைகளை நீக்கவேண்டியதாயிற்று. இதில் வழக்கறிஞர்கள் மனதில் இருத்தவேண்டிய ஒன்று உண்டு. கணினிச் சாட்சியத்தைக் கொண்டுவருபவர், கணினி சரியாக இயங்கியது என்று காட்டவேண்டும் என்ற விதி முன்பு அங்கே இருந்தது. 1999இல் அதை நீக்கினார்கள். அதன்பின், கணினி பிழை என்று காட்டும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவன் தலையில் விழுந்தது. கணினியின் உள்ளே பார்க்க அவனுக்கு வழியில்லை!

நமது நாட்டின் 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டமும், மறுதலை எண்பிக்கப்படும்வரை இலத்திரன் பதிவின் உண்மையை அனுமானிக்கச் சொல்கிறது. வியாபாரிக்கு வியாபாரி அனுப்பும் கணக்குக்கு அது பொருந்தலாம். கைநாட்டு வைக்கும் ஒரு தாய் கணினியின் பதிவுக்கு மறுதலையை எவ்வாறு எண்பிப்பாள்?

கைநாட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்திய அரசின் நன்கொடையுடன் 2022 மார்ச்சில் உடன்பாடு செய்யப்பட்ட டிஜிட்டல் அடையாளத் திட்டத்தில் முகமும் கருவிழியும் விரல் ரேகையும் பதியப்படவிருக்கின்றன. கைவேலை செய்வோரின் தேய்ந்த ரேகையை இயந்திரம் ஏற்க மறுப்பது இந்தியாவில் ஆதார் அட்டை கண்ட அனுபவம். கொழுந்துக் கறையேறிய விரல்களை இந்த மண்டபத்தில் எத்தனை பேர் வைத்திருக்கிறீர்கள் என்று நாம் கேட்கவேண்டியதில்லை. அஸ்ஸாமின் தேயிலை நாட்டிலும் பழைய இடாப்புகளைக் கணினியில் ஏற்றி, வம்சாவளியைப் பொருத்திப் பார்த்து, 2019 ஆகஸ்டில் குடிமக்கள் பதிவேடு வெளியிட்டார்கள். பத்தொன்பது இலட்சம் பேர் அதற்கு வெளியே நின்றார்கள். நமது 1948 வேறு மொழியில் திரும்ப அச்சானதுபோல் அச்செய்தியை வாசித்தோம்.

இவ்வளவும் சொன்னதால் நாம் இயந்திரத்தின் பகைவர் என்று எவரும் எண்ணவேண்டாம். இயந்திரம் கைநீட்டி இலஞ்சம் கேட்பதில்லை. "இன்றைக்குப் போய் நாளைக்கு வா" என்று வெற்றிலையை மென்றபடி சொல்வதில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், அரசகரும மொழிகள் திணைக்களத்தோடு சேர்ந்து, அரசாங்கக் கடிதங்களைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் பெயர்க்கும் சித்த என்னும் முறையை உருவாக்கினர். தமிழ் தெரிந்த எழுதுவினைஞர் இல்லை என்ற சாக்கை நாம் எத்தனை காலமாகக் கேட்டுவருகிறோம்! இனி அந்தச் சாக்குக்கு இடமேது? மலைச்சரிவுக்கும் அப்படியே. 2003 மே மாதத்திலும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் மண் எப்படி இறங்கியது என்பதை மலைநாட்டவருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. மழையையும் மண்ணையும் அளந்து முன்னதாக எச்சரிக்கும் இயந்திரத்தை இருகரம் கூப்பி வரவேற்போம். அந்த எச்சரிக்கை தமிழிலும், இரவிலேயும், கடைசி லயம்வரையும் வந்து சேரவேண்டும் என்பது மட்டுமே நமது நிபந்தனை.

நமது கோரிக்கை என்ன? மனிதனுக்கு உரிமையையோ உதவியையோ மறுக்கும் எந்த முடிவிலும் ஒரு மனிதன் ஒப்பமிடவேண்டும். காரணம் எழுத்தில், தமிழில், தரப்படவேண்டும். பிழையென்றால் இன்னொரு மனிதன்முன் சென்று வாதாட இடம் வேண்டும். இது புதுமையான கோரிக்கையன்று. சப்பிரகமுவ மாகாணத்தில் நிருவாக மொழி சிங்களமேயெனினும், எந்த அலுவலகத்தோடும் தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில்பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை நமக்கு உரித்துத் தருகிறது. இயந்திரம் பதில் எழுதினாலும் அவ்வுரித்துக் குறைவதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், எந்த அளவுகோலால் என்னை நீக்கினீர்கள் என்று கேட்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இயந்திரம் தானாகவே எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையை வகுத்திருக்கிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பகுதிகளைத் தள்ளிப்போட்டார்கள். உரிமையை அச்சிட்டுவிட்டு அலுமாரியில் பூட்டிவைப்பது நம் ஆட்சியாளருக்குப் பழகிய கலை.

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களிடமும் உத்தியோகத்தர்களிடமும் வழக்கறிஞர் நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறோம். 1949இல் விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் உரிமை இழந்தோர் எத்தனையோ பேர். படித்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்திருந்தால் அவர்களின் பேரப்பிள்ளைகளின் கதை வேறாக இருந்திருக்கும். நாம் அன்று உட்காரவில்லை. வெட்கத்தோடு சொல்கிறோம். இன்று தோட்டத்துக்கு ஒருவராவது உட்காருங்கள். வயதானோர் சொல்லும் தோட்டத்துச் சொற்களை, மலைகளின் பெயர்களை, குடும்பங்களின் வரலாற்றை எழுதிவையுங்கள். அச்சேற்றுங்கள். இயந்திரம் நாளைக்கு எதை வாசித்து நம்மை அறியப்போகிறதோ அதை நாமே எழுதியிருக்கவேண்டும். சிறுதோட்டக்காரர்களும் கவனியுங்கள்: உங்கள் கொழுந்தின் விலையையும் உரத்தின் அளவையும் ஒரு கணக்கு தீர்மானிக்கும் நாளில், அந்தக் கணக்கு என்னவென்று கேட்கும் வேலை உங்களுக்கும் வரும். தொழிலாளியின் வழக்கு வேறு, நம் வழக்கு வேறு என்று அன்றைக்கு ஒதுங்க முடியாது.

அந்தத் தாயின் மேன்முறையீட்டைத் தமிழில் எழுதி, மூன்று பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசியும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் அடுத்த படிக்குப் போவோம்.

வரும் போயா விடுமுறையன்று காலை ஒன்பது மணிக்கு இதே மண்டபத்தில் வழக்கறிஞர் இருவரும் ஆசிரியர் சிலரும் அமர்ந்திருப்பார்கள். பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடதாசி, கைத்தொலைபேசிக்கு வந்து விளங்காமற்போன செய்திகள் ஆகிய எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். பெயர் எந்தெந்தக் கடதாசியில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் ஒரு பட்டியல் போடுவோம். கட்டணம் இல்லை. மழை பெய்தாலும் இருப்போம். தூரத் தோட்டத்தவர்கள் முதலில் வாருங்கள். உங்களுக்குக் கடைசி பஸ் நேரத்தோடே போய்விடும்.